மஜ்ஜையில் தங்கிவிடும் வெள்ளை அணுக்கள்: விம் நோய்க்கு ஊசியா, மாத்திரையா?

எலும்பு மஜ்ஜை ஸ்லைடு பார்ப்பது என் பிழைப்பு. கிருமியோடு மோதும் வெள்ளை அணுவான நியூட்ரோஃபில் ரத்தத்தில் குறைந்துபோன ஒருவரின் மஜ்ஜை வந்தால், லென்ஸுக்கு அடியில் வைக்கும் முன்பே மனம் ஒரு படம் போட்டுவிடும். அணுக்கள் வற்றி, இடையிடையே கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். அல்லது இளம் அணுக்கள் இருக்கும், முதிர்ந்தவை இருக்காது. விம் என்ற அரிய மரபணு நோயின் மஜ்ஜைப் படத்தை முதலில் பார்த்தபோது இந்தக் கணக்கு எதுவும் ஒத்துவரவில்லை. நியூட்ரோஃபில்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. அதுவும், வெளியே கிளம்பியிருக்க வேண்டிய வயதைத் தாண்டியவை. உட்கரு நாலைந்து துண்டாகப் பிரிந்து, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே மயிரிழை போல ஒரு நூல் நீண்டிருந்தது. சில அணுக்கள் இருந்த இடத்திலேயே செத்துக்கொண்டிருந்தன. பத்தாயம் நிறைய நெல் கிடக்கிறது, உலையில் போட ஒரு பிடி அரிசி இல்லை.

1964-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வுல்ஃப் ஸூல்ஸர் என்ற மருத்துவர் ஒரு சிறுமியிடம் இதைக் கண்டு 'மைலோகதெக்சிஸ்' என்று பெயர் வைத்தார். மஜ்ஜைக்குள் பிடித்துவைத்தல் என்று பொருள். அப்புறம் மருக்கள், ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின், அதாவது கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி குறைவு, திரும்பத் திரும்ப வரும் தொற்றுகள் ஆகியவையும் சேர்ந்தே வருவது தெரிந்தது. நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து 'விம்' என்றார்கள். பிடித்துவைப்பது யார் என்று தெரிய 2003 வரை ஆனது. அது சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற ஒரு புரதம்.

எந்த மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதெல்லாம் இந்தப் புரதத்தின் வேலையிலிருந்துதான் வருகிறது. அதனால் முதலில் அதைப் பார்த்துவிடலாம். சி.எக்ஸ்.சி.ஆர்.4 வெள்ளை அணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பி. மஜ்ஜையில் உள்ள தாங்கு அணுக்கள் சி.எக்ஸ்.சி.எல்.12 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன. ஏற்பி அதைப் பிடித்ததும் அணுவுக்குள் ஒரு செய்தி போகிறது: 'இங்கேயே இரு.' நியூட்ரோஃபில் முதிர முதிர இந்த ஏற்பியைக் குறைத்துக்கொண்டு, வெளியே இழுக்கும் சி.எக்ஸ்.சி.ஆர்.2 என்ற இன்னொரு ஏற்பியின் பேச்சைக் கேட்டு ரத்தத்துக்குள் இறங்கும். ஆரோக்கியமான உடலில் நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்கள் இப்படி வெளியே வருகின்றன. ரத்தத்தில் சுற்றி வயதான பிறகு சி.எக்ஸ்.சி.ஆர்.4 மீண்டும் கூடி, அணு மஜ்ஜைக்கே திரும்பிப் போய் அங்கே அழிக்கப்படும். வருவதற்கும் போவதற்கும் ஒரே பூட்டு.

பிடித்த செய்தியை ஒரு கட்டத்தில் நிறுத்தவும் வேண்டும் அல்லவா? ஏற்பியின் வால் பகுதி அதற்காகத்தான் இருக்கிறது. செய்தி போனதும் வாலில் பாஸ்பேட் ஒட்டும், அரெஸ்டின் என்ற புரதம் வந்து உட்காரும், ஏற்பி அணுவுக்குள் இழுக்கப்படும். இந்த ஏற்பியில் மொத்தம் 352 அமினோ அமிலங்கள். விம் நோயாளிகளிடம் பரவலாகக் காணப்படும் மரபணு மாற்றத்தில் வாலின் கடைசி 19 இல்லை. ஏற்பி நன்றாகவே வேலை செய்கிறது, அதுதான் தொல்லை. நிறுத்தும் பொத்தான் மட்டும் போய்விட்டது. 'இங்கேயே இரு' என்பது ஓயாமல் ஒலிக்கிறது. இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்று இப்படி இருந்தாலே நோய் வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

இந்த ஏற்பி நியூட்ரோஃபிலின் தனிச்சொத்து இல்லை. பி லிம்போசைட், டி லிம்போசைட், மோனோசைட் என்ற மற்ற வெள்ளை அணுக்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதனால் விம் நோயில் லிம்போசைட்டுகளும் ரத்தத்தில் குறைவு, ஆன்டிபாடியும் குறைவு, மருக்களை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் கட்டுப்பாடின்றிப் பரவுகிறது. கையிலும் காலிலும் நூற்றுக்கணக்கில் மருக்கள் வரலாம். பிறப்புறுப்புப் பகுதியில் வருபவை புற்றுநோயாகவும் மாறலாம். மருந்தை ஒப்பிடும்போது எல்லோரும் நியூட்ரோஃபில் எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் லிம்போசைட்டையும் பார்க்கச் சொல்வேன்.

மருந்துக்குப் போவதற்கு முன் எங்கள் லேப் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை. விம் நோயாளியின் நியூட்ரோஃபில்கள் கடுமையான தொற்று வரும்போது மஜ்ஜையிலிருந்து ஓரளவு வெளியே வந்துவிடும். வந்தவை கிருமியைக் கொல்லவும் செய்யும். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும்போதுதானே ரத்தம் எடுக்கிறோம்? அன்றைக்கு எண்ணிக்கை சாதாரணமாக வரும், ரிப்போர்ட்டில் சிவப்புக் குறி எதுவும் இருக்காது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காய்ச்சல் போன பிறகு, உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எடுத்தால்தான் பள்ளம் தெரியும். நல்ல நாளில் ரத்தம் கொடுக்க யார் வருகிறார்கள்? இந்த நோய் பல வருடம் ஒளிந்துகொள்வதற்கு இது ஒரு காரணம்.

சரி, நோய் உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வழி, பழைய வழி: ஃபில்கிராஸ்டிம். ஜி-சி.எஸ்.எஃப். ஊசி என்று வார்டில் சொல்வது இதைத்தான். கீமோதெரபி எடுத்தவர்கள் வீட்டில் ஒருவர் இருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தோலுக்கடியில் போடுவது, 2 முதல் 8 டிகிரி வரை குளிரில் வைக்க வேண்டியது. இது சி.எக்ஸ்.சி.ஆர்.4-ஐ நேரடியாகத் தொடுவதில்லை. நியூட்ரோஃபில் உற்பத்தியைக் கூட்டுகிறது, மஜ்ஜையில் சி.எக்ஸ்.சி.எல்.12 அளவைக் குறைக்கிறது. பூட்டைத் திறக்காமல், கதவைத் தள்ளும் கூட்டத்தைப் பெரிதாக்குகிறது என்று சொல்லலாம். நியூட்ரோஃபில் ஏறும். லிம்போசைட் ஏறாது. மருக்கள் அப்படியே இருக்கும். ஏற்கெனவே நிரம்பி வழியும் மஜ்ஜையில் மேலும் உற்பத்தி என்றால் எலும்பு வலிக்கத்தானே செய்யும்? இடுப்பும் முதுகும் வலிக்கிறது என்று ஊசியை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மண்ணீரல் வீங்கலாம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இருந்தாலும் இதை மட்டமாகப் பேச எனக்கு மனமில்லை. பல பத்தாண்டுகளாக, குழந்தைகள் உட்பட லட்சக்கணக்கானோர் பல்வேறு காரணங்களுக்காகப் போட்டுக்கொண்ட மருந்து. இந்தியாவிலேயே பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன, ஊர் மருந்துக்கடையில் சொல்லிவைத்தால் வாங்கிவிடலாம். அரிய நோய்க்கு எளிதில் கிடைக்கும் மருந்து அமைவது சாதாரண விஷயமில்லை.

இரண்டாவது வழி ப்ளெரிக்ஸாஃபோர். இதன் பிறப்பே ஒரு வேடிக்கை. பெல்ஜியத்தின் லூவன் நகரில் எச்.ஐ.வி.க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தபோது ஒரு வேதிப்பொருள் வைரஸைத் தடுத்தது. நுணுகிப் பார்த்தால் தடுத்தது அந்தப் பொருள் இல்லை, அதில் கலந்திருந்த கலப்படம். அந்தக் கலப்படத்தை மேம்படுத்தி வந்ததுதான் இது. எச்.ஐ.வி. அணுவுக்குள் நுழைய சி.எக்ஸ்.சி.ஆர்.4-ஐயும் படிக்கட்டாகப் பயன்படுத்துகிறது என்பது 1996-ல் தெரிந்தது; மருந்து அந்தப் படிக்கட்டை அடைத்திருக்கிறது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எச்.ஐ.வி.க்குப் பெரிதாக உதவவில்லை, ஆனால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கிடுகிடுவென்று ஏறின. பூட்டைத் திறந்தால் உள்ளே இருந்தது வெளியே வரும், அவ்வளவுதான். 2008-ல், ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்குள் இறக்கிச் சேகரிப்பதற்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்றும் அதன் அதிகாரபூர்வ வேலை அதுதான். விம் நோய்க்குக் கொடுப்பது லேபிளுக்கு வெளியே.

நோயின் காரணத்தையே தொடும் மருந்து என்பதால் எல்லா வகை வெள்ளை அணுவும் வெளியே வருகின்றன. ஆனால் உடலில் தங்கும் நேரம் குறைவு. சில மணி நேரத்தில் பாதி போய்விடும். ஆகவே நாளுக்கு இரண்டு ஊசி, ஆயுள் முழுக்க. அளவோ மிகச் சிறியது. ஸ்டெம் செல் வேலைக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.24 மில்லிகிராம், விம் நோய்க்கு முதலில் பரிசோதித்த அளவுகளில் ஒன்று 0.02. ஐம்பது கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மில்லிகிராம். குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்றால் எடுக்க வேண்டியது 0.05 மில்லிலிட்டர். யு-100 இன்சுலின் சிரிஞ்சில் ஐந்து யூனிட். குப்பியில் இருப்பது 24 மில்லிகிராம், ஒருமுறை திறந்தால் மீதியைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. மருந்தகத்தில் கிருமி புகாத முறையில் பிரித்துக் கொடுக்க ஆள் இல்லையென்றால், ஒரு துளி மருந்துக்காக ஒரு குப்பி விலை. இந்த நடைமுறைச் சிக்கலை யாரும் ஆய்வுக்கட்டுரைத் தலைப்பில் போடுவதில்லை.

இந்த இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் டேவிட் மெக்டெர்மாட், பிலிப் மர்ஃபி குழுவினர் நடத்தியது, 2023-ல் வெளியானது. 19 நோயாளிகள். ஒவ்வொருவரும் ஒரு மருந்தில் 12 மாதம், மறு மருந்தில் 12 மாதம். எது எந்த மருந்து என்று போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது. காரணத்தைத் தொடும் மருந்துதான் ஜெயிக்கும் என்று நானும் நினைத்தேன். தொற்றுகளின் கடுமையைக் கூட்டிப் பார்த்த மதிப்பெண்ணில் ப்ளெரிக்ஸாஃபோர் ஃபில்கிராஸ்டிமை முந்தவில்லை. நியூட்ரோஃபிலை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் வைத்திருப்பதில் குறைந்துபோகவும் இல்லை. லிம்போசைட்டில் தெளிவாக முந்தியது. ஆனால் அந்தக் கூடுதல் லிம்போசைட்டுகள் தொற்றுக் கணக்கைக் குறைக்கவில்லை.

மருக்களில்தான் வித்தியாசம் தெரிந்தது. ஆரம்பத்தில் மிக அதிகமாக மரு இருந்த 7 பேரில் 5 பேருக்கு, ப்ளெரிக்ஸாஃபோர் எடுத்த காலத்தில் மட்டும், பெரிய மருப் பரப்புகளில் சில முற்றிலும் மறைந்தன. எல்லா மருவும் இல்லை, சில பரப்புகள். எலும்பு வலி ஃபில்கிராஸ்டிமில் அதிகம், தோல் தடிப்பு ப்ளெரிக்ஸாஃபோரில். எந்த மருந்து பிடித்தது என்று கேட்டபோது நோயாளிகளிடம் ஒரு பக்கம் சாய்வு இல்லை.

19 பேர் என்பது சிறிய எண்தான். இப்படிப்பட்ட நோயில் அத்தனை பேரைச் சேர்த்து இரண்டு வருடம் ஊசி போடவைத்ததே பெரிய காரியம்.

மூன்றாவது வழி மாத்திரை, சரியாகச் சொன்னால் கேப்ஸ்யூல்: மாவோரிக்ஸாஃபோர். இதுவும் முதலில் எச்.ஐ.வி.க்காகத் தேடப்பட்டதுதான், அதே ஏற்பியை அடைக்கிறது, ஆனால் வாய்வழி எடுக்கலாம். 2024 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 12 வயதும் அதற்கு மேலும் உள்ள விம் நோயாளிகளுக்கு அனுமதித்தது. விம் என்ற பெயரைச் சொல்லி அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து இது. 50 கிலோவுக்கு மேல் எடை என்றால் நாளுக்கு 400 மில்லிகிராம், அதாவது நான்கு கேப்ஸ்யூல். அதற்குக் கீழ் மூன்று. இரவு முழுக்க வெறும் வயிறு, காலையில் எழுந்து விழுங்கி, அரை மணி நேரம் கழித்துத்தான் காப்பி, டிபன். நாளுக்கு இரண்டு ஊசியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை.

அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் 31 பேர், ஒரு வருடம். 14 பேருக்கு மருந்து, 17 பேருக்கு வெற்று மாத்திரை. ஒரு நாளின் 24 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் நியூட்ரோஃபில் 500-க்கு மேல் இருக்கிறது என்று அளந்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்குச் சராசரி 15 மணி நேரம், மற்றவர்களுக்கு 2.8. லிம்போசைட் 1000-க்கு மேல் இருந்த நேரம் 15.8-க்கு 4.6. வருடத்துக்கு ஒருவருக்கு வந்த தொற்றுகள் மருந்து எடுத்தவர்களிடம் 1.7, வெற்று மாத்திரை எடுத்தவர்களிடம் 4.2. மருக்களில் வித்தியாசம் இல்லை. ஊசி சில மருக்களையாவது மறையவைத்திருக்க, அதே ஏற்பியை அடைக்கும் மாத்திரை ஏன் செய்யவில்லை? ஒரு வருடம் போதவில்லையோ என்னவோ. மாத்திரையில் மரு மறையும் என்று நான் யாரையும் நம்பவைக்க மாட்டேன்.

விளம்பரத்தில் 60 சதவீதம் குறைவு என்று வரும் இடத்தில் நிதானிக்க வேண்டும். அது வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டது, ஃபில்கிராஸ்டிமோடு அல்ல. ஊசி போட்டு ஓரளவு நன்றாக இருப்பவர் மாத்திரைக்கு மாறினால் தொற்று இன்னும் குறையும் என்று இந்த எண்ணிலிருந்து சொல்ல முடியாது. ப்ளெரிக்ஸாஃபோர் ஆய்வு நடந்திருக்காவிட்டால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

மாத்திரையின் இன்னொரு பக்கம் மற்ற மருந்துகளோடு அதன் உறவு. கல்லீரலில் சி.ஒய்.பி.2டி6 என்ற நொதியை இது தடுக்கிறது. அந்த நொதியை நம்பி வெளியேறும் மருந்துகள் உடலில் தேங்கும். இருமல் சிரப்புகளில் சர்வசாதாரணமாக இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் அப்படிப்பட்டது. விம் நோயாளிக்கு இருமல் புதிதில்லை. கடையில் கேட்டு ஒரு பாட்டில் வாங்கிவிடுவார்கள். கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளோடு சேர்ந்தால் மாவோரிக்ஸாஃபோரே உடலில் கூடிவிடும், அளவைக் குறைக்க வேண்டும். இ.சி.ஜி.யில் க்யூ.டி. என்று குறிக்கும் இதயத் துடிப்பின் இடைவெளியும் நீளலாம், துடிப்பு தடம் புரளும் ஆபத்து அது. தொற்றுக்காக அடிக்கடி ஆன்டிபயாடிக் எடுப்பவர்களுக்கான மருந்து, ஆன்டிபயாடிக்குகளோடேயே ஒத்துப்போவதில் கறாராக இருக்கிறது. கருவைப் பாதிக்கக்கூடியது என்ற எச்சரிக்கையும் உண்டு. அப்புறம் விலை: 2024-ல் அமெரிக்காவில் வெளிவந்தபோது 50 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்களுக்கு ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 5 லட்சம் டாலர்.

நான்காவது, ஸ்டெம் செல் மாற்று. பொருந்தும் கொடையாளியின் மஜ்ஜை வேரூன்றிவிட்டால் நோய் முடிந்தது. ஆனால் கீமோதெரபி, ஒவ்வாத எதிர்வினை, உயிருக்கு ஆபத்து. மருந்தில் காலம் தள்ளக்கூடிய நோயில் இந்த ஆபத்தை எடுப்பது எல்லோருக்கும் இல்லை. இங்கே ஒரு கதை சொல்லாமல் போக முடியாது. 1964-ல் ஸூல்ஸர் பார்த்த அந்தச் சிறுமி வளர்ந்து, தன் ஐம்பது வயதுகளின் இறுதியில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்கு வந்தார். முப்பது வயதுகளிலிருந்து தனக்கு மருவும் இல்லை, தொற்றும் இல்லை என்றார். அவருடைய இரண்டு மகள்களுக்கும் நோய் இருந்தது. பார்த்தால், எப்போதோ ஒரே ஒரு ஸ்டெம் செல்லில் இரண்டாவது குரோமோசோமின் ஒரு பிரதி சுக்குநூறாக உடைந்து தாறுமாறாக ஒட்டியிருக்கிறது. உடைந்ததில் 164 மரபணுக்கள் தொலைந்தன, கெட்டுப்போன சி.எக்ஸ்.சி.ஆர்.4 பிரதி அவற்றில் ஒன்று. அந்த ஒரு செல்லின் வாரிசுகள் மஜ்ஜையைப் பிடித்துக்கொண்டன. 2015-ல் இது வெளியான பிறகு, கெட்ட பிரதியை மட்டும் வெட்டி எறிந்து நோயாளியின் செல்லையே திருப்பி ஏற்றலாமா என்று எலிகளில் பார்க்கிறார்கள். இன்று தேர்ந்தெடுக்கக்கூடிய வழி இல்லை அது.

எதை எடுத்தாலும் உடன் ஓடவேண்டியவை உண்டு. ஆன்டிபாடி குறைவு என்றால் இம்யூனோகுளோபுலின் ஏற்றுவது, எச்.பி.வி. தடுப்பூசி, மருக்களைப் பார்த்துக்கொண்டே இருப்பது. பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

என்னைக் கேட்டால், நெஞ்சுச் சளியும் காதுச் சீழுமாகத் திரியும் பத்து வயதுக் குழந்தைக்கு ஃபில்கிராஸ்டிமில்தான் தொடங்கச் சொல்வேன், தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலினோடு. மாத்திரை எடுக்க இன்னும் வயது வரவில்லை, ஊசியின் குணம் தெரிந்தது, தொற்றில் அது தோற்கவும் இல்லை. எலும்பு வலி தாங்காதவருக்கும், கை கால் முழுக்க மரு பரவி வேலைக்குப் போகக் கூசுகிற பெரியவருக்கும் ப்ளெரிக்ஸாஃபோர், பிரித்துக் கொடுக்க நல்ல மருந்தகம் இருந்தால். காப்பீடோ அரசோ செலவை ஏற்கும் ஊரில் இருக்கும் பதினைந்து வயதுப் பையன், ஊசியைப் பார்த்தாலே ஓடுகிறான் என்றால் மாவோரிக்ஸாஃபோர்; போடாத நல்ல ஊசியைவிட விழுங்குகிற மாத்திரை மேல். குழந்தை பெற்றுக்கொள்ளத் திட்டமிடும் பெண்ணுக்கு இரண்டு சி.எக்ஸ்.சி.ஆர்.4 தடுப்பான்களிலும் நான் கை வைக்க மாட்டேன்.

எதைத் தொடங்கினாலும் வீட்டில் ஒரு நோட்டுப் போடச் சொல்வேன். தேதி, காய்ச்சல், எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள், பள்ளிக்கோ வேலைக்கோ போகாத நாட்கள். ஆறு மாதம் கழித்து மருத்துவர் எங்கள் ரிப்போர்ட்டை விரித்து, நியூட்ரோஃபில் 400-லிருந்து 1,800 ஆகிவிட்டது என்று சந்தோஷப்படும்போது, அந்த நோட்டையும் பக்கத்தில் விரித்து வையுங்கள்.